பிரவுணிக்குப் புதுப் பாக்கெட்

கைபேசி அடித்ததும் மருதை பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடினார். கொழும்பில் நாய் உணவு செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன் பிரதாபன்தான்.

“அப்பா, பல்லு விழுந்த நாய்ங்களுக்குன்னு புதுசா செஞ்ச பாக்கெட்ட கண்டி பஸ்ல போட்டு விட்டேனே, பிரவுணி சாப்பிட்டுச்சா?”

“சாப்பிட்டுச்சுப்பா. நீ சொன்ன மாதிரி பாக்கெட்டோட சுடுதண்ணியில போட்டு எடுத்தேன்.”

“எப்படி இருக்கு?”

“போன தடவைய விட மெதுவா இருக்கு. மெல்லவே தேவையில்ல. ஆனா ஆறுனதும் குழம்பு கட்டியாயிருது. உப்பும் கூட.”

“உப்பு கூடன்னு எப்படித் தெரியும்?”

மருதை வாயைத் துடைத்துக்கொண்டார்.

“தின்னுட்டு சட்டித் தண்ணியையும் குடிச்சுருச்சே!”

“அப்பா, இவ்வளவு விவரமா எங்க ஆபீஸ்ல யாருமே சொல்றதில்ல. பிரவுணிய நல்லா பாத்துக்கங்க.”

“அம்மாவுக்குத்தான் இடுப்பு வலி. எந்திரிக்கவே முடியல. பொங்கலுக்காவது வந்து...”

“மீட்டிங்குக்குக் கூப்பிடுறாங்கப்பா. அடுத்த கிழமை ஈரல் பாக்கெட் அனுப்புறேன். பிரவுணிக்குக் குடுத்துட்டுச் சொல்லுங்க.”

அழைப்பு நின்றது. மருதை திரும்பி வந்து பீங்கான் தட்டின் முன் உட்கார்ந்தார். படுக்கையில் இருந்த மனைவி கலங்கினாள்.

“நாய் செத்து வருஷமாச்சு. இன்னும் எத்தன நாளைக்கு இதத் திங்கப் போறீங்க?”

மருதை, ஆறிக் கட்டியான குழம்பைக் கரண்டியால் வழித்து விழுங்கினார்.

“ருசி சொல்ல ஆளில்லேன்னா, அவன் எதுக்கு நமக்குப் போன் எடுக்கப் போறான்?”