சம்பந்தியம்மாவின் வழக்கம்

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போதுதான் மாப்பிள்ளையின் அம்மா சரோஜினிதேவி போனில் அந்தக் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"எங்கட யாழ்ப்பாணப் பக்கத்தில ஒரு வழக்கம் இருக்கு பாலாம்பிகை. தாலி கட்டுறதுக்கு முதல், ஒவ்வொரு சடங்கு முடியவும் பொம்பிளை எழும்பி மணவறையை ஒருக்காச் சுத்தி வரோணும்."

"மாப்பிள்ளையுமா?"

"இல்லை. பொம்பிளை மட்டுந்தான்."

போனை வைத்த பெண்ணின் அம்மா பாலாம்பிகைக்கு முகம் சுருங்கிவிட்டது. அவளைவிட அவள் அண்ணன் வீரசிங்கத்துக்குத்தான் கோபம். கட்டுகஸ்தோட்டையில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். தாய்மாமன் வேறு. கேட்கவா வேண்டும்!

"அவங்க மகன் மகாராசா மாதிரி உக்காந்திருப்பாராம், நம்ம புள்ள செக்குமாடு மாதிரி சுத்தணுமாம். மலையகத்துப் பொண்ணுன்னா அவ்வளவு எளக்காரமா?"

"மெதுவாப் பேசுண்ணே. அவ காதுல விழுந்துரும்."

விழுந்துவிட்டது. மணப்பெண் மதுஷா அறையிலிருந்து சிரித்துக்கொண்டே வந்தாள்.

"நான் சுத்துறேம்மா. எத்தனை சுத்துன்னாலும் சுத்துறேன்."

வீரசிங்கம் தலையில் அடித்துக்கொண்டு கிளம்பினார். அவருக்கு விஷயம் தெரியாது.

மதுஷாவுக்கு இருபத்தேழு வயது. கண்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் ஐந்து வருடமாகக் கதிரையோடு கதிரையாக நாள் முழுக்க உட்கார்ந்து வேலை. மூன்று வருடமாக இடுப்பு இறுகி இறுகி ஒரே வலி. சம்மணம் போட்டால் அரை மணி நேரம்தான் தாங்கும். அதற்கு மேல் உட்கார்ந்தால் எழும்பச் சுவர் வேண்டும். பயப்பட ஒன்றுமில்லை, அடிக்கடி எழும்பி நடந்தால் போதும் என்றுதான் டொக்டர் சொன்னார். பயிற்சியும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். தினமும் காலையில் கதவைச் சாத்திக்கொண்டு, தவளை மாதிரி முழங்காலை அகட்டித் தரையில் கிடப்பாள்.

கதவைச் சாத்தச் சொன்னது பாலாம்பிகை.

"இடுப்பு வலின்னு வாயத் தொறந்த, அவ்வளவுதான். இவ புள்ள பெத்துக்குவாளான்னு அடுத்த கேள்வி கேப்பாங்க. கல்யாணம் நின்னுரும்."

"அவர்கிட்ட மட்டுமாவது சொல்றேம்மா."

"என் தலையில கைய வை. தாலி ஏறுற வரைக்கும் மூச்சு விட மாட்டேன்னு சொல்லு."

வைத்தாள். ஆனால் மணையில் இரண்டு மணி நேரம் சம்மணம் போட வேண்டுமே! சபை நடுவில் எழும்ப முடியாமல் மாட்டிக்கொண்டால் எல்லாம் அம்பலம். அதை நினைத்து நினைத்தே அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த நேரம் பார்த்து இப்படி ஒரு வழக்கம் வந்தது, கடவுளே போன் எடுத்துச் சொன்ன மாதிரி இருந்தது.

"யோசிச்சுப் பாரும்மா. நடுநடுவுல எழும்பி நடக்கலாம்!"

பாலாம்பிகைக்கும் அப்போதுதான் உறைத்தது.

கல்யாணத்தன்று இதைக் கேட்டு முதலில் திருதிருவென்று விழித்தவர் ஐயர்.

"இப்படி ஒரு வழக்கம் நான் கேள்விப்பட்டதே இல்லையே."

"எங்கட பக்கத்தில இருக்கு ஐயா" என்றார் சரோஜினிதேவி கறாராக.

ஐயர் முதல் சடங்கை முடித்துவிட்டு மணப்பெண்ணுக்குக் கையைக் காட்டினார். மதுஷா எழுந்தாள், சேலைக்குள் காலை மெல்ல உதறினாள், சுற்றி வந்தாள். மறுபடி சடங்கு, மறுபடி சுற்று. மொத்தம் நான்கு. வீடியோக்காரருக்கு ஒரே கொண்டாட்டம். தாலி ஏறும்போது மதுஷா முகம் பளிச்சென்று இருந்தது.

வீரசிங்கத்துக்குத்தான் பொறுக்கவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கத்தில் இருந்த பெரியம்மா மகள் அங்கம்மாவிடம், "பாத்தியாக்கா அந்தம்மா திமிர" என்று புலம்பித் தீர்த்தார்.

சாப்பாட்டு நேரம். வீரசிங்கத்தின் முதுகுக்குப் பின்னால் அடுத்த மேசையில் சரோஜினிதேவியும் அவர் தம்பி நவரட்ணராஜாவும் வந்து அமர்ந்தார்கள். இவரை அவர்கள் கவனிக்கவில்லை.

"அக்கா, நானும் உங்களோட ஒரே ஊரிலதான் பிறந்து வளந்தனான். எத்தினை கலியாணம் பாத்திட்டன். இதென்ன சுத்துற வழக்கம்?"

"சத்தம் போடாதை. அப்பிடி ஒண்டும் இல்லை. நான்தான் சும்மா சொன்னனான்."

"ஏன்?"

"பொம்பிளை பாக்கப் போன அண்டு, அந்தப் பிள்ளை பாயில இருந்து எழும்பேக்க சுவரைப் பிடிச்சுப் பல்லைக் கடிச்சதைக் கண்டனான். இடுப்பில ஏதோ நோவு. பயத்தில சொல்லாமல் இருக்குதுகள், பாவங்கள்."

"அப்ப ரெண்டு கதிரையைப் போடச் சொல்லியிருக்கலாமே?"

"கதிரை கேட்டா, ஆருக்கு என்ன நோவு எண்டு சபை முழுக்கக் கேக்கும். வழக்கம் எண்டா ஒருத்தரும் கேக்க மாட்டினம். என்னைத்தான் திட்டுவினம். திட்டட்டும். நீ பாயாசத்தைக் குடி."

வீரசிங்கம் பிசைந்த சோற்றை இலையிலேயே வைத்தார். திரும்பிப் பார்க்க வெட்கமாக இருந்தது. பாதி இலையில் எழுந்து கை கழுவப் போனார்.

அங்கே அங்கம்மா அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா வீரசிங்கம், அந்தச் சுத்துற வழக்கம் நெசமாவே யாருகிட்டடா இருக்கு?"

அவர் கையைத் துடைத்தபடி சொன்னார்:

"பெரிய மனுசங்ககிட்ட மட்டுந்தான்க்கா இருக்கு."