உட்காரத் தெரியாதவன்

அந்த நகரத்தில் தெருவுக்கு ஒரு இனம், தெருவுக்கு ஒரு பேச்சு, தெருவுக்கு ஒரு சாவுச் சடங்கு. பிரமிடின் நிழல் மட்டும் பாகுபாடில்லாமல் எல்லாத் தெருவிலும் விழுந்தது. தெற்கத்தியார் தெருவில் பிறந்து, பிரமிடை ஒட்டிய தெருவில் வாழ்க்கைப்பட்டவள் யாலா. அவளுடைய மூன்று மாதக் குழந்தை காய்ச்சலில் இறந்தபோது, கணவன் வீட்டார் அதன் முழங்கால்களை மடக்கி மார்போடு சேர்த்துக் கட்டி, வீட்டுத் தரைக்கடியில் தங்கள் முன்னோருக்கு நடுவே உட்கார வைத்தார்கள்.

“எங்க தெருவுல படுக்க வெச்சுத்தான் புதைப்போம். இவனுக்கு இன்னும் உட்காரவே தெரியாதே!” என்று அழுதாள் யாலா.

“இந்த வீட்டுல செத்தவங்க யாரும் படுக்கிறதில்ல,” என்றான் கணவன், தரைக்குச் சுண்ணாம்பு பூசிக்கொண்டே.

அன்றிலிருந்து அவளாலும் முதுகைக் கீழே சாய்க்க முடியவில்லை. வீட்டார் எல்லோரும் சந்தைக்குப் போயிருந்த ஒரு நாள், பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டு மூடிவிடலாம் என்று, சோளம் அரைக்கும் கல்லால் தரையை உடைத்தாள். அதுவரை பூச்சில் ஒரு கீறல்கூட விழுந்திருக்கவில்லை.

உள்ளே குழந்தை காலை நீட்டி மல்லாந்து படுத்திருந்தது. முன்னோர்கள் முழங்காலைக் கட்டியபடியே குழியின் ஓரமாக நெருக்கியடித்து ஒதுங்கியிருந்தார்கள். குழந்தைக்குப் பக்கத்தில், அவள் உயரத்துக்கு, இடம் விட்டிருந்தார்கள்.