தளர்வான பொருள்களைக் கட்டிவையுங்கள்

தொலைக்காட்சியில் வானிலை அறிக்கை சொல்லும் அவள் கணவன் கையை வீசி, கடலிலிருந்து ஒரு குளிர்காலப் புயலைக் கரைக்கு இழுத்து வருகிறான். உண்மையில் அவனுக்குப் பின்னால் இருப்பது வெறும் பச்சைத் துணி. வரைபடத்தை வேறோர் அறையில் கணினி ஒட்டுகிறது. பக்கத்துத் திரையை ஓரக்கண்ணால் பார்த்தால்தான் எங்கே கை காட்டுகிறோம் என்பதே அவனுக்குத் தெரியும். "பலத்த காற்று வீசும். வீட்டில் தளர்வான பொருள்களைக் கட்டிவையுங்கள்," என்கிறான். சன்னல் கதவை இரு கையாலும் பிடித்து நிற்கும் அவளுக்குச் சிரிப்பு வருகிறது. கொக்கி கழன்று மாதக்கணக்காகிறது. நாளைக்கு மாட்டுகிறேன் என்பான். காற்று கதவைத் தள்ளவில்லை. சுவரை உரசி ஓடும் வேகத்தில் அதை வெளியே உறிஞ்சுகிறது. விட்டால் திரும்பி வந்து அறையும். கண்ணாடி சிதறினால் நேர்கீழே தொட்டிலில் குழந்தை. இந்த அறையில் தொட்டிலுக்கு வேறு இடமில்லை. "எவ்வளவு தெளிவா சொல்றான் பாரு," என்று மாமியார் பூரிக்கிறாள். "ஊருக்கெல்லாம் சொல்றாரு அத்தை. நம்ம வீடு அந்த மேப்புல இல்ல போல." "கொக்கி மாட்ட அவனுக்கு ஏதும்மா நேரம்?" "டை கட்ட மட்டும் அரை மணி நேரம் இருக்கே." ஒரு கையால் கதவைப் பிடித்தபடியே, நாற்காலி முதுகில் தொங்கும் அவனுடைய பட்டு டையை மறு கையால் எட்டி இழுத்து, கதவின் கைப்பிடியில் சுற்றி, சன்னல் கம்பியோடு முடிச்சுப் போடுகிறாள். "ஐயோ, அது புதுசும்மா." காற்று இழுக்க இழுக்க முடிச்சு இறுகுகிறது, கதவு அசையவில்லை. "இப்பதான் அத்தை உங்க பிள்ளை வீட்டுக்கு ஒத்தாசையா இருக்காரு," என்றபடி அவள் தொலைக்காட்சியின் ஒலியை அணைக்கிறாள்.