அணைக்காத எஞ்சின்

நாகேந்திரன் போட்ட கூச்சலில் வயலில் இருந்த கொக்குகள் எல்லாம் ஒருசேர எழுந்தன.

நடவு வயலில் நின்றிருந்தவர் வலது காலைத் தூக்கிக்கொண்டு வரப்பில் சரிந்தார். கெண்டைக்காலில் ரத்தம் வழிந்தது.

"பாம்புடா வேம்புலி, பாம்பு!"

அவருடைய பண்ணையாள் வேம்புலி ஓடி வந்தான். காலைப் பார்த்தான். தண்ணீரைப் பார்த்தான். பிறகு அவர் தோளில் கிடந்த துண்டையே உருவி, முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினான்.

"பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குப் பூடலாம் ஆண்டே. எழுந்திருங்க."

மோட்டார் சைக்கிள் வேப்பமரத்தடியில் நின்றது. உலகச் சண்டை முடிந்து ஆவடி பட்டாள முகாமில் வண்டிகளை ஏலம் விட்டபோது நாகேந்திரன் எடுத்தது. எருமைக்கடா மாதிரி வண்டி. வாங்கியவருக்கு ஓட்டத் தெரியாது. பர்மாவில் பட்டாளத்துக்கு அதே மாதிரி வண்டியை ஓட்டிவிட்டு அயனம்பாக்கம் சேரிக்குத் திரும்பியிருந்த வேம்புலிக்குத்தான் தெரியும்.

அதனால் அவன் முன்னால், அவர் பின்னால்.

ஆனால் ஒருநாளும் அவனைத் தொட்டதில்லை. நடுவில் ஒரு சாக்கை மடித்து வைத்துக்கொண்டு, தன் முதுகுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்தபடி விறைப்பாக வருவார். வளைவில் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் அவர் மறுபக்கம் சாய்வார். ஹேண்டில் உதறும். குண்டடி பட்டவர்களைக்கூட அலுங்காமல் ஏற்றிப்போனவன் வேம்புலி. இந்த ஒருவரை ஏற்றிப்போனால்தான் தோள் இரண்டும் கழன்றுபோகும்.

ஊர்த்தெருவுக்கு இன்னொரு ஏற்பாடு. முனையிலேயே எஞ்சினை அணைத்துவிட வேண்டும். வேம்புலி இறங்கி, அவரை உட்காரவைத்தபடியே கடைசி வீடு வரை வண்டியைத் தள்ள வேண்டும். சேரிக்காரன் தெருவில் வண்டிமேல் உட்கார்ந்து போகக்கூடாது என்று முதலில் சொன்னவர் நாகேந்திரனின் பங்காளி பரந்தாமன். நாகேந்திரன் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

இன்று சாக்கு மரத்தடியிலேயே கிடந்தது.

"கெட்டியா புடிச்சிக்குங்க ஆண்டே. ஒண்ணும் ஆவாது."

நாகேந்திரன் அவன் இடுப்பை இரண்டு கையாலும் சுற்றிக்கொண்டார். விரல்கள் கோத்துக்கொண்டன. அவருடைய கன்னம் அவன் முதுகில் அழுந்தியது.

வண்டிப்பாதை முடிவதற்குள், வண்டியை நிறுத்திவிடலாமா என்று வேம்புலிக்குத் தோன்றியது. மறுபடியும் தோன்றியது. நிறுத்தவில்லை.

"கண்ணு இருட்டுதுடா," என்று நாகேந்திரன் முனகினார். "என்னை உட்டுடாதடா."

தெருமுனை வந்தது. பழக்கத்தில் கை எஞ்சினை அணைக்கப் போயிற்று. அதை இழுத்துக்கொண்டு, கைப்பிடியை முறுக்கினான்.

சத்தம் இரண்டு பக்கச் சுவரிலும் மோதித் திரும்பியது. ஆட்கள் வாசலுக்கு ஓடிவந்தார்கள். பரந்தாமன் தெரு நடுவில் வந்து கையை ஓங்கினார். அப்புறம்தான் பின்னால் சாய்ந்திருந்த தலையைப் பார்த்தார். துண்டு கட்டிய காலைப் பார்த்தார்.

மறுகணம் அவரே குறுக்கே நின்ற மாட்டை அடித்து விரட்டினார்.

"இன்னாடா மெதுவா போற? ஓட்டுடா, வேகமா ஓட்டு!"

வேம்புலி அந்தத் தெருவில் மட்டும் வேகத்தைக் கூட்டவில்லை. முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, ஒவ்வொரு வாசலாகக் கடந்தான். குனிந்து தள்ளிக்கொண்டு போன நாட்களில் அவன் பார்த்ததெல்லாம் மண்ணும் முன்சக்கரமும்தான். அந்த வீடுகளுக்கு எத்தனை உயரம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

பெரிய ரோடு ஏறினார்கள். கரையான்சாவடி வளைவில் அவன் சாய்ந்தான். பின்னால் இருந்தவரும் கூடவே சாய்ந்தார். வண்டி எண்ணெயில் வழுக்குவது போலப் போயிற்று. இரண்டு பேர் ஏறிய பாரமே இல்லை. முதுகில் ஒரு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அதைவிட வேகமாக அடித்தது அவனுடையது.

பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் டாக்டர் காலைக் கழுவித் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"விஷமே இல்லைங்க. தண்ணிப் பாம்பு. பல்லு வரிசை முழுக்கப் பதிஞ்சிருக்கு பாருங்க. கூட வந்த ஆள் பாம்பைப் பார்க்கலையா?"

வேம்புலி கதவுக்கு வெளியே நின்றிருந்தான்.

"பாத்தேங்க," என்றான். "வரப்போரமா நீஞ்சிக்கினு போச்சு. தண்ணிப் பாம்புதான். நல்லாவே பாத்தேன்."

சொல்லிவிட்டு நாகேந்திரனை நேராகப் பார்த்தான்.

உயிர் திரும்பி வந்த நிம்மதியில் மலர்ந்திருந்த நாகேந்திரனின் முகம் மெல்லச் சிவந்தது. எழுந்து வெளியே வந்தார். கையை ஓங்கினார். இத்தனை நேரம் அந்தக் கை எங்கே இருந்தது என்பது இருவருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்திருக்க வேண்டும். ஓங்கிய கை அப்படியே நின்று, பிறகு இறங்கியது.

வேம்புலி வாசலுக்குப் போய் வண்டியில் ஏறி, உதைத்துக் கிளப்பினான்.

நாகேந்திரன் பின்னால் ஏறி உட்கார்ந்தார். கைகளை மடியில் வைத்தார். எடுத்தார். பின்பக்கக் கம்பியைத் தொட்டார். அதையும் விட்டார்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வேம்புலி திரும்பிப் பார்க்காமல் காத்திருந்தான்.