தலைவர் ஜெயித்த ஒரே இடம்

தொலைக்காட்சியில் தீர்ப்பு ஓடிக்கொண்டிருந்தது. அவள் பெட்டியில் கணவரின் பனியன்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

இதுதான் கடைசி நீதிமன்றம். இதற்கு மேல் ஏறப் படி இல்லை. ஒருகாலத்தில் ஆட்சியையே கையில் வைத்திருந்தவர், வரி ஏய்ப்பு வழக்கில் மாலைக்குள் சிறைக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஊரை அடித்து உலையில் போட்டவர், உலை சுட்டுவிட்டது என்று புலம்பினார். நீதிபதிகளைத் திட்டினார். நன்றி கெட்ட ஜனங்களைத் திட்டினார். பனியன் மடிப்பு சரியில்லை என்று அவளையும் திட்டினார்.

பிறகு ஜன்னல் திரையை விலக்கி, வாசலில் கூட்டம் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தார். ஒரு நாயும் இரண்டு கேமராக்காரர்களும் இருந்தார்கள். அவரைப் பார்த்ததும் ஒரு கேமராக்காரர் கொட்டாவி விட்டார்.

அவளுடைய கவலை வேறு. இந்த வீடும் களவுப் பணத்தில் சேர்த்தி என்று நீதிமன்றம் சொல்லியிருந்தால் ஜப்தி செய்துவிடுவார்கள். இந்த வயதில் அவள் நிற்க வேண்டியது தெருவில்தான். தொலைக்காட்சி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

வக்கீல் போன் செய்தார். வழக்கில் தோற்றவர் போலவே பேசவில்லை. மற்ற எல்லாவற்றிலும் கோட்டை விட்டோம், ஒரு பாயிண்ட்டில் மட்டும் ஜெயித்தோம், வீடு அண்ணி பேரிலேயே இருக்கும், யாரும் தொட முடியாது என்றார்.

தலைவரின் முகத்தில் பழைய மேடைச் சிரிப்பு வந்து உட்கார்ந்தது. எல்லாம் தன் மூளை என்றார்.

அந்த மூளை செய்த வேலையைச் சொல்லத்தான் வேண்டும். மனைவி பேருக்கு வீட்டை மாற்றினால் வரித்துறை ஏமாறாது. பேர்தான் அவளுடையது, சொத்து உன்னுடையது என்று பூட்டுப் போட்டுவிடும். ஆனால் அவள் மனைவியே இல்லையென்றால்? விவாகரத்தின்போது வீட்டை அவளுக்குக் கொடு என்று நீதிமன்றமே உத்தரவிட்டால், அதற்குப் பெயர் பதுக்கல் இல்லை, ஜீவனாம்சம்.

ரெய்டு வரப்போகிறது என்று மூக்கில் வேர்த்ததுமே தலைவர் விவாகரத்து வாங்கிக்கொண்டார்.

வாங்கிக்கொண்டு இருவரும் ஒரே காரில் வீடு திரும்பினார்கள். அன்றும் அவர் தட்டில் அவள்தான் பரிமாறினாள். காகிதத்தில் பிரிவு, வீட்டில் பழைய குடித்தனம். ஒரே கூரையின் கீழ் இருக்கிறீர்களே என்று பிறகு வரித்துறை மடக்கியபோது, மாடியில் வாடகைக்கு இருக்கிறேன் என்று சத்தியம் செய்தார். வாடகை என்று ஒரு நாளும் அவர் பைக்குள் கைவிட்டதில்லை.

அந்த விவாகரத்து வெறும் நாடகம் என்று வரித்துறை கடைசிவரை வாதாடியது. இன்று நீதிபதிகள் நாடகம் இல்லை என்றுவிட்டார்கள். குடும்ப நீதிமன்றத்தில் அந்தப் பெண் சொன்ன சாட்சியத்தை வரிவரியாகப் படித்தோம், இவ்வளவு வலியை யாராலும் ஜோடிக்க முடியாது, பிரிவு உண்மையானதே என்று எழுதியிருந்தார்கள். வக்கீல் அந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை வாசித்துக் காட்டினார்.

தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சாட்சியம் அவருடைய விருந்துகளில் பேர்போன ஐட்டம். அவள் விம்மியது, கைக்குட்டையைத் திருகியது, நடுவில் தண்ணீர் கேட்டது எல்லாவற்றையும் நண்பர்களுக்கு நடித்துக் காட்டுவார். வக்கீல் எழுதிக் கொடுத்ததை என்னமாய் ஒப்பித்தாள், இவள் சினிமாவுக்குப் போயிருக்க வேண்டியவள் என்பார். நண்பர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள். அவள் காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

பெட்டியை மூடினாள். வாரம் தவறாமல் பார்க்க வர வேண்டும், மாடி அறையில் ஒரு சாமானையும் நகர்த்தக் கூடாது என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார்.

அவள் கையை நீட்டினாள்.

"வீட்டுச் சாவியைக் கொடுத்துட்டுப் போங்க."

அவர் அவள் தோளைத் தட்டினார். "ஏம்மா, கேஸே முடிஞ்சிடுச்சு. இன்னும் எதுக்கு நடிப்பு?"

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

வக்கீல் எழுதிக் கொடுத்த தாளை, சாட்சிக் கூண்டில் ஏறப் போன அன்று, அவள் காரிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள்.