தடைகள் பட்டியல்

“என்னம்மா இது?” என்று கத்தினார் சோதனைப் பிரிவுத் தலைவர்.

அறையிலிருந்த பத்துப் பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவருக்குச் சிடுமூஞ்சி என்று பெயர் வைத்த புண்ணியவான்கள் அவர்கள்தான்.

“பிழை அறிக்கை சார்,” என்றாள் அவள்.

கேம் வெளிவருவதற்கு முன் அதை விளையாடிப் பார்த்துப் பிழை கண்டுபிடிப்பது அவள் வேலை. ஒப்பந்த வேலை. இன்றோடு முடிகிறது. நீட்டிக்க இவருடைய கையெழுத்து வேண்டும். வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்திதான்.

“கேம் பாதியில நின்னுச்சா? திரை உறைஞ்சு போச்சா?”

“இல்ல சார்.”

“அப்புறம் என்ன பிழை?”

“இந்தக் கேம்ல ஒரு தீவு சார். அங்கே நிலம் பிடிக்க அரசுகள்னு ஏழு வெச்சிருக்காங்க. ஏழும் மேற்கேயிருந்து கப்பல்ல வர்றவங்க. அந்தத் தீவுல காலங்காலமா இருக்கிற ஜனங்க தடைகள் பட்டியல்ல இருக்காங்க சார். மரம், பாறை, அதுக்குக் கீழே அவங்க. ரெண்டு தடவை தட்டினா கிராமமே காணாமப் போயிடுது. ‘நிலம் சுத்தமாச்சு’ன்னு பத்துப் புள்ளி வேற குடுக்குது.”

வாசலில் நின்ற முதலாளி சிரித்தார். “விளையாட்டுதானேம்மா! யாரும் நிஜமா சாகலையே?”

“என் பொண்ணு விளையாடுவா சார். அந்தக் கிராமத்துல இருக்கிறவங்களுக்கு அவ முகஜாடை. அவளே உட்கார்ந்து தட்டித் தட்டி அழிப்பா.”

சிரிப்பு நின்றது. முதலாளி தலைவரைப் பார்த்தார். “ஆறு மணிக்குக் கேம் வெளிய போயாகணும். என்ன பண்ணுவீங்களோ தெரியாது.”

அத்தனை பேர் முன்னாலும் தலைவர் அந்த அறிக்கையை அழித்தார். “இது பிழை இல்லம்மா, கருத்து. உங்க கருத்தைக் கேட்டு யாரும் சம்பளம் குடுக்கல. கிளம்புங்க. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.”

ஒப்பந்தத் தாள் அவர் மேஜையில் கையெழுத்தில்லாமல் கிடந்தது.

“முதலாளிக்கு நல்லாத்தான் ஜால்ரா போடறாரு,” என்று முணுமுணுத்தாள் பக்கத்து இருக்கைக்காரி. அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது.

மறுநாள் காலை, தன் சாமான்களை எடுத்துப் போக வந்தாள். உள்ளே முதலாளி தாம்தூம் என்று குதித்துக்கொண்டிருந்தார். கேம் வெளியே போகவில்லை! ஓர் இடத்தில் திரை உறைந்தாலும், அதைச் சரிசெய்யாமல் வெளியே விடக்கூடாது. முதலாளியே போட்ட சட்டம்.

“கிராமத்தைத் தட்டினா உறையுது சார். சரி பண்ண மூணு மாசம் ஆகும்,” என்றார் தலைவர்.

“மூணு மாசமா? நான் தெருவுலதான் நிக்கணும்! வேற வழி?”

“அந்தக் கிராமத்து ஜனங்களைத் தடைகள்லேர்ந்து எடுத்து, எட்டாவது அரசா சேர்த்துட்டா உறையாது. ஒரு நாள் வேலை. ஆனா அவங்களுக்கு ஒரு பேர் வைக்கணும். கப்பல்காரன் நிலம் கேட்டா, முடியாதுன்னு சொல்ற உரிமையும் வந்துடும். அடிச்சா திருப்பி அடிப்பாங்க.”

“அடிச்சுட்டுப் போகட்டும்! மாத்தித் தொலைங்கய்யா!”

முதலாளி கதவை அறைந்துவிட்டுப் போனார். தலைவர் ஒப்பந்தத் தாளில் கையெழுத்துப் போட்டு அவள் பக்கம் தள்ளினார்.

அவள் அதைத் தொடவில்லை. “சார், அந்தக் கிராமத்தை நான் நூறு தடவையாவது தட்டிப் பார்த்திருப்பேன். ஒரு தடவைகூட உறையலையே?”

“எப்படி உறையும்?” சிடுமூஞ்சி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “உறைய வைக்கிற அந்த ரெண்டு வரி புரோகிராமை, நேத்து நீங்க கிளம்பினப்புறம்தானே எழுதினேன்.”