மூன்று மணி நேரம்

“இந்த லிஸ்டே தப்பு, தலைவரம்மா!”

கூட்டத்தின் நடுவிலிருந்து வந்த குரல் கேட்டு, வாசித்துக்கொண்டிருந்த தாளைக் கீழே இறக்கினாள் துர்காதேவி.

குடியரசு தினக் கிராம சபை. பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா போட்டிருந்தார்கள். ஏரிக்கரை உடைந்து ஊருக்குள் வெள்ளம் புகுந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. இதுவரை என்னென்ன சரியானது, இனி எதை முதலில் செய்யப் போகிறோம் என்று ஊராட்சித் தலைவியான அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“எது தப்பு? சொல்லுங்க.”

எழுந்து நின்றவன் ஜெகதீசன். லோடு வேன் ஓட்டுபவன். காக்கிச் சட்டையின் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டான்.

“தரைப்பாலத்த நாலாவதா போட்டுகிறீங்க. புள்ளைங்க வாய்க்கால்ல எறங்கி, ஈரப் பாவாடையோட பஸ் ஏறுதுங்க. அதுக்கு முன்னாடி தெருவிளக்கு இன்னாத்துக்கு?”

“விளக்குக்கு ஆர்டர் வந்துடுச்சு. பாலத்த இன்னும் என்ஜினீயர் வந்து பாக்கல.”

“வரலன்னா போய் இட்டுகினு வாங்க. அதுக்குத்தான உங்களுக்கு ஓட்டு போட்டோம்?”

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. ஒன்றிய அலுவலகத்திலிருந்து பார்வையாளராக வந்திருந்த பரணிதரன், துர்காதேவியின் பக்கம் குனிந்தான். அவன் இந்தப் பகுதிக்கு மாற்றலாகி வந்து நான்கு நாள்தான் ஆகிறது.

“யாரும்மா இந்த ஆளு? எலெக்‌ஷன்ல உங்களுக்கு எதிரா வேலை பாத்தவரா? உட்காரச் சொல்லட்டுமா?”

“வேணாம் சார், கேக்கட்டும். போன கூட்டத்துல ஒருத்தரும் வாயத் தொறக்கல. கையெழுத்து போட்டுட்டு எழுந்து போயிட்டாங்க.”

ஜெகதீசன் உட்காரவில்லை. இப்போது அவன் குரல் இறங்கியிருந்தது.

“இன்னொண்ணு கேக்கணும். கரை ஒடஞ்ச அன்னிக்குக் காலைல, அதோ அந்தப் பள்ளிக்கூட மொட்டமாடி மேல நூத்திப் பத்து பேரு மழைல குந்திகினு இருந்தோம். மூணு மணி நேரம். போன் போட்டா போவல. எங்கள வுட்டுட்டு நீங்க எங்க போனீங்க?”

பெண்கள் அவனையும் துர்காதேவியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பரணிதரன் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தான். துர்காதேவி கையைக் காட்டி அவனை உட்கார வைத்தாள்.

“படாளம் கூட்ரோட்டுல நின்னுகினு இருந்தேன்” என்றாள். மைக்கில் அவள் மூச்சு கேட்டது. “கடக்கரையிலேர்ந்து ஒரு படக லாரில ஏத்தி அனுப்புறோம்னாங்க. வழியெல்லாம் தண்ணி. லாரி இப்ப வருது, அப்ப வருதுன்னு பாத்துகினே இருந்தேன். அது வந்து சேரவே மூணு மணி நேரம் ஆயிடுச்சு. டவர் இல்ல. ஒங்களுக்குச் சேதி சொல்ல ஒரு ஆளயாவது நிறுத்திட்டுப் போயிருக்கணும். அவசரத்துல தோணல. நான் உசுருக்குப் பயந்து ஓடிட்டேன்னு நீங்க நெனச்சிருப்பீங்க. நெனக்க வெச்சது என் தப்புதான்.”

முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டாள். ஜெகதீசன் தலையைக் குனிந்துகொண்டு மெல்ல உட்கார்ந்தான்.

பிறகு ஓரத்தில் இருந்த ஆராயி, முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள்.

“அவரே கேட்டுட்டாரு. இனிமே நான் கேட்டா இன்னா? ஏம்மா, அந்த மாடிக்குப் படிக்கட்டு இல்ல, தெரியுமா ஒனக்கு? ஏணி வெச்சுத்தான் ஏறுனோம். எம் மருமவ புள்ள பெத்து இருவது நாளு. ஏற முடியாம நடு ஏணில நின்னுகினு அழுவுறா. புள்ளைய ஒரு துணில கட்டி, கயிறு போட்டு மேல இஸ்தாங்க. அடுத்த மழைக்கும் அப்படியே இஸ்க்கணுமா?”

துர்காதேவி தன் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். அதில் படிக்கட்டு எங்குமே இல்லை.

“இது எனக்குத் தெரியாதும்மா” என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தாள். எல்லாவற்றுக்கும் மேலே, தலைப்பை ஒட்டி, ‘பள்ளிக்கூட மாடிக்குப் படிக்கட்டு’ என்று எழுதினாள். அடுத்ததாகத் தரைப்பாலத்தைப் போட்டாள்.

அதன் பிறகு கைகள் உயர்ந்துகொண்டே இருந்தன. பம்ப்செட், இடிந்த சுவர், காலனித் தெருவில் வடியாத தண்ணீர் என்று ஒவ்வொருவராகப் பேசினார்கள். பன்னிரண்டரைக்கு முடிய வேண்டிய கூட்டம் இரண்டு மணி வரை நடந்தது.

எல்லோரும் கலைந்ததும், பரணிதரன் பைக் சாவியை எடுத்துக்கொண்டு துர்காதேவியிடம் வந்தான்.

“ரொம்பப் பொறுமைம்மா உங்களுக்கு. இருந்தாலும், அத்தனை பேர் முன்னாடி அந்த ஆளு உங்கள அழ வெச்சிருக்கக் கூடாது. உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. அவர் ஒரு தடவை கூப்பிட்டுப் பேசினா அடங்கிடுவான்.”

துர்காதேவி சாமியானாப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஜெகதீசன் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

“அவருதான் சார் எங்க வூட்டுக்காரரு. அந்தக் கேள்வி ஏழு வாரமா எல்லார் மனசுலயும் கெடக்குது, என் மூஞ்சிக்கு நேரா கேக்க யாருக்கும் வாய் வரல. அதான் மாட்டேன் மாட்டேன்னவர, நேத்தெல்லாம் நான் கெஞ்சி, இன்னிக்குக் கேக்க வெச்சேன்.”